தளர்த்தி வைத்த மூடி

எங்கள் சவாரியில் யாரும் யாருக்கும் உதவக் கூடாது. அதுதான் விதி. மந்தினில் விடிந்ததும் கிளம்பி, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் மலைச் சைக்கிளை மிதித்துச் சுற்றி, மறுநாள் பொழுது சாய்வதற்குள் போர்டிக்சன் கடற்கரையில் போய் நிற்க வேண்டும். சோறு, தண்ணீர், பஞ்சர் ஒட்டுவது, படுக்க இடம் எல்லாம் அவரவர் பாடு. வழியில் கடை இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். பொதுக்குழாய் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் கிடைப்பது எதுவோ அது நமக்கும் உண்டு. ஆனால் நமக்கென்று ஒருவர் தேடிவந்து ஒரு வாழைப்பழத்தை நீட்டி, அதை நாம் வாங்கித் தின்றுவிட்டால், முடித்தவர்கள் வரிசையில் நம் பெயர் வராது.

இதை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு விளக்கிப் பாருங்கள். நான் மந்தினில் என் அண்ணன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து விளக்கினேன். அண்ணன் ஓய்வு பெற்ற லோரிக்காரர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் இடையே காலமெல்லாம் ஓடியவர். நான் சொல்லி முடிக்கும்வரை காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“காசு கட்டிப் போற. ஆனா யாரும் ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூடாது. அப்படித்தான?”

“ஆமாண்ணே.”

“அதுக்கு ஜெயிலுக்குப் போலாம்லா. அங்க தண்ணியாச்சும் குடுப்பான்.”

அண்ணி சமையலறையிலிருந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கேலி செய்யும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது, கவலைப்படும்போதும் தெரியாது. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

நான் ஐம்பதைத் தாண்டியவள். சிரம்பானில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பல் பிடுங்க வருகிறவர்கள் டாக்டரைவிட என்னிடம்தான் அதிகம் பயப்படுவார்கள். என் கணவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் நான் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் குடித்துவிட்டு வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். யாரும் அதைக் கழுவி வைத்திருக்க மாட்டார்கள், யாரும் தட்டி உடைத்திருக்கவும் மாட்டார்கள். அந்தக் கோப்பையைப் பார்க்கப் பிடிக்காமல்தான் சைக்கிள் வாங்கினேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். வெளியே தனியாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் தனியாக இருப்பதற்கு என்ன சொல்வது?

முதல் வருடமே மழையில் வழுக்கி ஒரு மதகின்மேல் விழுந்தேன். வலது மணிக்கட்டு போயிற்று. உள்ளே ஒரு தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. ஹேண்டலைப் பிடிக்கலாம், பிரேக் பிடிக்கலாம். ஆனால் திருப்ப முடியாது. துணி பிழிவது, ஊறுகாய்ப் போத்தல் திறப்பது, இப்படிப்பட்ட வேலை எதற்கும் அந்தக் கை வளையாது. தண்ணீர்ப் போத்தலின் சீல் உடைக்க வேண்டுமென்றால் அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, துணியைச் சுற்றி, இடது கையால் பல்லைக் கடித்துக்கொண்டு திருக வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் அப்படிச் செய்ய முடியுமா? அதனால் சைக்கிளில் நான் வைத்திருப்பதெல்லாம் முதுகுப்பைத் தண்ணீர்தான். ஒரு குழாய் வாய்க்கு வரும், கடித்து உறிஞ்சினால் போதும்.

அண்ணன் இதை எப்போது கவனித்தார் என்று தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் தொட்டேன், தானாகச் சுழன்றது. அவர் வரும் வழியிலேயே ‘டக்’கென்று சீலை உடைத்து, மறுபடி லேசாக வைத்துக் கொண்டுவந்திருந்தார். அன்றிலிருந்து அவர் கையால் எனக்கு வந்த எந்தப் போத்தலும் அப்படித்தான் வந்தது. காரில், கோயிலில், சாவு வீட்டில்கூட. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. கையைப் பார்த்து “ஐயோ பாவம்” என்று சொன்னவர்கள் எல்லாரையும்விட எனக்கு அந்த ‘டக்’ பெரிது.

ஆனால் அதே அண்ணன்தான் போன வருடம் என் சவாரியைக் கெடுத்தார்.

சவாரி செய்கிறவர்கள் இருக்கும் இடம் கைப்பேசியில் ஒரு புள்ளியாகத் தெரியும். வீட்டிலிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். போன வருடம் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் என் சங்கிலி அறுந்தது. நான் உட்கார்ந்து சரி செய்துகொண்டிருந்தேன். புள்ளி நின்றுவிட்டது. மந்தினில் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரை எடுத்துவிட்டார். செம்மண் பாதையில் தூசி கிளப்பிக்கொண்டு கார் வந்து நின்றதும், இரண்டு பக்கக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. அண்ணன் கையில் குடை. அண்ணி கையில் தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக், வெட்டிய பப்பாளி, தலைவலித் தைலம்.

“அண்ணே! யாரு வரச் சொன்னா? என் உயிர வாங்காதீங்க, போங்க!”

“தங்கச்சி நடுக்காட்டுல நிக்கிறா, அண்ணன் வராம வேற எவன் வருவான்?”

அவர் சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. வேறு எவன் வருவான் என்பது நிஜம்தானே? அவர் குடையை என் தலைக்குமேல் பிடித்தபடி போத்தலை நீட்டினார். மூடி தளர்ந்திருந்தது. வெயிலும் கோபமும் சேர்ந்து, என்ன ஏது என்று யோசிக்காமல் வாங்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து இரண்டு சவாரிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் பல்லைக் காட்டினான். போர்டிக்சன் போய்ச் சேர்ந்ததும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். பெயர் வரவில்லை.

அது ஒரு பெரிய விஷயமா என்று கேட்டால், ஆமாம், எனக்குப் பெரிய விஷயம். என்னைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அண்ணி கறி கொடுத்தனுப்புவார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்து வைப்பார். கிளினிக்கில் கனமான பெட்டியை என்னைத் தூக்க விடமாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து என்னைப் பாவப்பட்டவள் ஆக்கிவிட்டார்கள். ஒரு காரியமாவது, ஒரே ஒரு காரியமாவது, முதலிலிருந்து கடைசிவரை என் கையால் ஆனது என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் மிச்சக் காலத்தை இந்த வீட்டில் ஒற்றை ஆளாக ஓட்ட எனக்குத் தைரியம் வராது. அதற்குத்தான் அந்த வரிசையில் என் பெயர் வேண்டும் என்று நின்றேன்.

அதனால்தான் இந்த வருடம் முன்கூட்டியே மந்தினுக்குப் போய், காப்பி ஆறும்வரை விளக்கினேன்.

“புள்ளி நின்னாலும் வரக்கூடாது. மழை பேஞ்சாலும் வரக்கூடாது. நான் ஃபோன் பண்ணுனாத்தான் வரணும்.”

“சரிலா, வரல.”

“சத்தியமா?”

“வரலன்னா வரல பாப்பா.” இந்த வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார், “கோயில்ல சாப்பாடு போட்டா? அதுவும் கூடாதா?”

“கோயில் சாப்பாடு எல்லாருக்கும் போடுறதுதான. அது பரவால்ல.”

“ஓ,” என்றார். அவ்வளவுதான். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினோம். முதல் மேட்டிலேயே பிரிந்துபோனோம். எனக்கு முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள், பின்னால் வந்தவர்களைக் காணோம். அதற்குப்பிறகு செம்பனைதான். இந்தப் பக்கம் செம்பனை, அந்தப் பக்கம் செம்பனை, மேட்டில் ஏறினால் அடுத்த மேடுவரை செம்பனை. ஒரு மட்டை காய்ந்து தன்பாட்டில் விழும், அந்தச் சத்தத்துக்கே நெஞ்சு திக்கென்றாகும். அதற்குப்பிறகு நம் மூச்சுச் சத்தம்தான். பேசிப் பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை. மத்தியானத்துக்குமேல் நான் சைக்கிளோடு பேச ஆரம்பித்தேன். “ஏறு, ஏறித் தொலை, சனியனே” என்று. அது பாவம், ஏறிக்கொண்டுதான் இருந்தது.

தோட்டத்து ஆட்கள் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள், இந்தோனேசியர்கள். குலை வெட்டுகிற நீளக் கம்பைச் சாய்த்துவிட்டு என்னை நின்று பார்ப்பார்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. “சோராங் சஜா?” தனி ஆளாகவா? “யா, சோராங்,” என்பேன். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா பரிதாபம் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் யாரும் கேட்காமலேயே நான் “சோராங், சோராங்” என்று மிதிக்கு ஒரு தரம் முனகிக்கொண்டு போனேன். ராத்திரி ஒரு தோட்டத்துப் பேருந்து நிழற்குடையில் கொசுக்கடியோடு படுத்தெழுந்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

மறுநாள்தான் வினை. சுவா என்ற கிராமத்துக்கு முன்னால் ஒரு பெரிய தோட்டம். அதன் நுழைவாசலில் ஒரு மளிகைக் கடை உண்டு. அங்கே தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, முதுகுப்பையில் இருந்ததைத் தாராளமாகக் குடித்துக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால் கடை சாத்தியிருந்தது. சும்மா சாத்தவில்லை, பூட்டு துருப்பிடித்திருந்தது. எப்போதோ மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. கதவை ஓங்கி ஒரு உதை உதைத்தேன். கால்தான் வலித்தது.

திரும்பிப் போனாலும் தூரம், முன்னால் போனாலும் தூரம். முன்னால் போனேன். நிழலே இல்லாத பக்கம் அது. பழைய மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு இடுப்புயரக் கன்றுகள் நட்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குழாயைக் கடித்து உறிஞ்சினால் காற்றுதான் வந்தது. ஒரு மேட்டில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளினேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இனி முடியாது, ஃபோன் பண்ணிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

அந்த மேடு இறங்கியதும் பழைய மரங்கள் ஆரம்பித்தன. ஒரு முச்சந்தியில், மர நிழலில், முனியாண்டி இருந்தார்.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இதெல்லாம் சாதாரணம். துத்தநாகத் தகரக் கூரை, சிவப்புச் சாயம் பூசிய மேடை, ஒரு சூலம், ஒரு அரிவாள். லோரிக்காரர்கள், மோட்டர் சைக்கிளில் போகிறவர்கள் நின்று கும்பிட்டுவிட்டுக் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போவார்கள். சுருட்டு, எலுமிச்சை, பழம், பீர்கூட வைப்பார்கள். வைத்தபிறகு அது வைத்தவருடையது இல்லை. பசித்தவர்கள் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் லோரி ஓட்டிய காலத்தில் பாதி நாள் இப்படித்தான் பசியாறியிருக்கிறார். “நம்ம கடை இது, பாப்பா, சாத்தவே மாட்டாங்க,” என்று சொல்லிச் சிரிப்பார்.

மேடையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு சுருட்டு, அணைந்த கற்பூரம். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல். அது வேர்த்திருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து அதிக நேரம் ஆகியிருக்காது.

சாமி சத்தியமாக எனக்கு அந்த நேரம் வேறு எதுவும் தோன்றவில்லை. விதியைத்தான் நினைத்துப் பார்த்தேன். சாமிக்கு வைத்தது, யார் வந்தாலும் எடுக்கலாம், எனக்கு முன்னால் வந்தவர்களும் எடுத்திருக்கலாம். குழாய்த் தண்ணீருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தாராளமாகக் குடிக்கலாம். கையுறையைக் கழற்றினேன். “தாயா பிள்ளையா நினைச்சுக் குடு சாமி,” என்று கும்பிட்டுவிட்டுப் போத்தலை எடுத்தேன். தரையில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, சட்டை நுனியை மூடிமேல் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகப் போனேன்.

மூடி தானாகச் சுழன்றது.

உள்ளே தண்ணீர் கழுத்துவரை நிறைந்திருந்தது. யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சீலை மட்டும் உடைத்து, மறுபடி லேசாக வைத்திருந்தது. முனியாண்டிக்கு மூடியைத் தளர்த்திக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அப்படிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கிறவரும் ஒரே ஒருவர்தான்.

எழுந்து சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு பாதையில் மட்டும் கார் டயர் பதிந்திருந்தது. கொடுத்த வாக்குப்படி அவர் என்னிடம் வரவில்லை. சாமியிடம் வந்துவிட்டுப் போயிருக்கிறார். அல்லது போகவில்லை, அந்த வளைவுக்கு அப்பால் காரை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் என் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ‘அண்ணே’ என்று வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார். ஐயோ, அந்த நிமிடம் அவர் வரவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? தண்ணீர்கூட வேண்டாம், பக்கத்தில் வந்து நின்று ஏதாவது கேலி பேசினால் போதும் என்று இருந்தது.

போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாமிக்கு வைத்ததுதானே என்றது மனது. சாமிக்கு வைத்தது தண்ணீர்தான், மூடி எனக்கு வைத்தது என்றது அதே மனது. வேறு யார் கண்ணுக்கும் இது தெரியாது. போர்டிக்சனில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இதைக் குடித்தால் என் கையால் ஆனது என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன மிஞ்சும்? அண்ணன்மேல் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபம் அழுகையாகிவிட்டது. தண்ணீர் கையிலிருக்க, குடிக்காமல், இருக்கிற ஈரத்தையும் அழுது தொலைத்தேன். இப்படி ஒரு மடச்சியை முனியாண்டி பார்த்திருக்க மாட்டார்.

கடைசியில் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் நான் தொட்டுவிட்டு வேண்டாம் என்று வைத்தேன் என்பது அண்ணனுக்குத் தெரியக்கூடாது. பாவம், அவர் மனது சங்கடப்படும். நான் கவனிக்காமல் போய்விட்டேன், அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும். லேசாக விட்டால் சாய்ந்து சிந்தி, நான் தொட்டதைக் காட்டிக்கொடுத்தாலும் கொடுக்கும், எறும்பும் ஏறும். போத்தலை மறுபடி முழங்கால்களில் இடுக்கி, சட்டை நுனியைச் சுற்றி, இடது கையால் என் பலமெல்லாம் சேர்த்து மூடியை இறுக்கினேன். பழைய இடத்தில், பழைய மாதிரியே வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

சுவா வந்து சேர்ந்த விதம் எனக்கு நினைவில்லை. கிராமத்துக் காப்பிக்கடையில் சீனத்து அம்மா ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில் ஐஸ் போட்ட தே ஓ, பால் விடாத தேநீர், கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிக் குவளைக்கு மூடி கிடையாது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, “சோராங் சஜா?” என்றார். இந்தமுறை தலையை மட்டும் ஆட்டினேன்.

போர்டிக்சன் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பாய் விரித்து, பிரியாணிப் பொட்டலம் பிரித்து, பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு இருந்தார்கள். ஓரத்தில் ஒரு மடக்கு மேசை, அதற்குப் பின்னால் தலைக்கவசத்தைக் கழற்றாத ஒரு மலாய்ப் பெண். எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள். “அடா ஒராங் தோலோங்?” யாராவது உதவினார்களா?

“தாக் அடா,” என்றேன். இல்லை. அடித்துச் சொன்னேன்.

அவள் கைகொடுத்தாள். படம் எடுத்துத் தரச் சொல்லலாமா, அது உதவியில் சேருமா என்று ஒரு நொடி யோசித்தேன். அடியே, எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கைப்பேசியை நீட்டினேன். பிறகு சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி நின்றேன். சவாரி முடிந்துவிட்டது, இனி வரலாம். எந்தக் கதவாவது திறக்கும், குடையும் நாசி லெமாக்குமாக இரண்டு பேர் இறங்குவார்கள் என்று வெளிச்சம் மங்கும்வரை நின்றேன். வரவில்லை. ஃபோன் பண்ணினால்தான் வரவேண்டும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்? நான் பண்ணவில்லை. பண்ணாததற்குக் காரணம் கேட்டால் வீம்பு, வேறென்ன?

அடுத்த வாரம் அண்ணனும் அண்ணியும் மீன் குழம்போடு வந்தார்கள். கைப்பேசியில் முடித்தவர்கள் வரிசையைத் திறந்து என் பெயரைக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “நல்லது லா,” என்றார். அண்ணி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அண்ணன் வழக்கம்போலப் பேசினார், தன் மகளின் நிச்சயதார்த்தம், மண்டப வாடகை, சமையல்காரன் அடிக்கிற கூத்து. தோட்டத்தைப் பற்றியோ சாமியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அப்பாடா, அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

கிளம்பும்போது, அண்ணி காரில் ஏறியபிறகு, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூடி நல்ல இறுக்கம் பாப்பா. தெறக்க எனக்கே கஷ்டமாப் போச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“கை சரியாயிடுச்சு போல?” என்றார்.

முகத்தைப் பார்த்தேன். கேலியா கவலையா என்று தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் முழங்காலில் இடுக்கியது, துணி சுற்றியது, எதற்காக அவ்வளவு இறுக்கினேன் என்பது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் இறுக்கினேன் என்பதை அவரிடமே எப்படிச் சொல்வது? கை சரியாகிவிட்டது என்று நினைத்தால் சந்தோஷப்படுவார், படட்டுமே என்று தோன்றிவிட்டது.

“ஆமாண்ணே. இப்போ பரவால்ல.”

“அப்ப சரி,” என்றார். என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

நிச்சயதார்த்தம் சிரம்பானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நல்ல கூட்டம். நான் பெண்வீட்டார் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காற்றாடி சுற்றியும் வேர்த்துக் கொட்டியது. அண்ணன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தலை இடுப்பில் அணைத்தபடி வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். தாகத்தில் நாக்கு வறண்டது. அவர் என் பக்கம் வரும்போதே என் காது அந்த ‘டக்’குக்குக் காத்திருந்தது.

“இந்தா பாப்பா,” என்று நீட்டினார். வாங்கினேன். அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

மூடியைத் தொட்டேன். சுழலவில்லை. சீல் அப்படியே இருந்தது. எல்லாருக்கும் கொடுத்தது எனக்கும்.

முழங்காலில் இடுக்க முடியாது, பட்டுச்சேலை, பக்கத்தில் சம்பந்தி வீட்டார். யாரிடமாவது நீட்டி, கொஞ்சம் திறந்து கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். சந்தோஷமாகச் செய்திருப்பார்கள். என்னால் கேட்க முடியவில்லை. அண்ணன் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு தரமாவது திரும்பிப் பார்ப்பார் என்று. தங்கச்சியின் கை குணமாகிவிட்டது, அவருக்கு ஒரு கவலை விட்டது. எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறார்?

அண்ணி அந்தப் பக்கமாக வந்தவர் என் மடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்னாம்மா, தண்ணிய கையில வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க? குடிக்கலியா?”

“தாகமில்ல அண்ணி,” என்றேன்.